நாலடிச் சால்

பெல்ச்சர் மலையின் தலையைச் சீவியதில்
என் கையும் உண்டு என்று
ரேவா ஸ்டில்ட்னர் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது
நான் மறுக்கவில்லை.
பதினாறு வருஷம் புல்டோசர் ஓட்டினேன்.
மணிக்கு இருபத்திரண்டு டாலர்.
மகளின் பல்லுக்குக் கம்பி,
வீட்டுக்கு இரண்டாவது குளியலறை,
எல்லாம் அந்த மலை தந்தது.

மலையைக் கல்லி எலியைப் பிடித்ததாகச் சொல்வார்கள்.
எங்களுக்கு எலி அகப்பட்டது,
ரயில் ரயிலாக அகப்பட்டது.
மலைதான் திரும்ப அகப்படவில்லை.

வெட்டி முடித்தால் மீட்டுத் தர வேண்டும், சட்டம்.
மீட்பது எப்படியென்றால்,
கல்லையும் களியையும் கொட்டி
அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டி
மேசைபோல் இறுக்குவது.
இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்ப்பார்,
கால் வலித்தால் தேர்ச்சி.
அப்புறம் பச்சைச் சாயம் கலந்த புல்விதையை
குழாயால் பீய்ச்சுவோம்.
போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

உள்ளே போக வழியில்லாத மழை
ராக்லிக் பள்ளத்துக்கு இறங்கியது.
ரேவாவின் படுக்கையறைக்கு மூன்று முறை,
கார்னெட்டின் கோழிக்கூண்டுக்கு ஒரே முறை
(அதற்கப்புறம் கூண்டு இல்லை).
ஓடையில் துருவின் நிறம்.
கிணற்றுத் தண்ணீரில் துவைத்து
வெள்ளைத் துணி என்பதையே ஊர் மறந்தது.

ரேவா ஒரு நோட்டு வைத்திருந்தாள்.
நாற்பத்தொரு கிணறு, ஆறு வருஷம்,
தேதி, நிறம், நாற்றம்,
எந்தக் குழந்தைக்கு எங்கே சொறி.
கம்பெனி திவாலாகி
வேறு பெயரில் பிறந்து
மறுபடியும் திவாலானது.
நோட்டு அதே பெயரில் இருந்தது.
கடைசியில் நீதிபதியின் மேசைக்குப் போனது,
ஓரத்தில் காபிக் கறையோடு.

பிணைப்பணம் கொஞ்சம் வந்தது. சண்டையும் வந்தது.
ஜெயில் கட்டலாம், வேலை கிடைக்கும் என்றார் கமிஷனர்.
பாதிப் பேர் தலையாட்டினார்கள், நானும்தான்.
"உள்ளே இருக்கப்போவது யார் பிள்ளை,
வெளியே நிற்கப்போவது யார் பிள்ளை?" என்றாள் க்ளீட்டா.
பதில் சொல்ல ஆளில்லை.
நான்கு கூட்டம் கழித்து, ஏழு ஓட்டு வித்தியாசத்தில்
மரம் என்று முடிவானது.

ஆனால் இறுகிய நிலத்தில் வேர் இறங்காதே.
எங்கே எவ்வளவு இறுகியிருக்கிறது,
யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள்.
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
அதை மன்னிப்பென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.
கூலி மணிக்குப் பதினெட்டு.

புல்டோசரின் பின்னால் ஒற்றைப் பல்,
என் இடுப்புக்கு மேல் உயரம்.
அதை நாலடி ஆழத்துக்கு இறக்கி
எட்டடிக்கு ஒரு சால்,
குறுக்கே இன்னொரு சால்.
பாறை கத்தியது, பல் இரண்டு முறை முறிந்தது.
மேலே வந்தவற்றில்
நசுங்கிய சோடா டின் ஒன்று,
என்னுடையதாகக்கூட இருக்கலாம்.

மார்ச்சில் நட்டோம். விரல் விறைக்கும் குளிர்.
ஓக், செஸ்ட்நட், கொஞ்சம் காட்டுப்பிளம்.
ரேவாவின் புருஷன் டெல்மர்
மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு
பிக்கப்பில் உட்கார்ந்து கன்றுகளை எண்ணிக் கொடுத்தான்.
எனக்கும் கொடுத்தான், இருபத்தைந்து,
முகம் பார்க்காமல்.

மே மாதம் பெருமழை.
ஓடை இன்னும் துருநிறம்தான்,
கிணறுகளுக்கு இன்னும் பூட்டுத்தான்.
டார்ச்சோடு மேலே போய் நின்றேன்.
சால்களுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம்,
தாகத்தில் ஒரு மாடு குடிப்பதுபோல, நிறுத்தாமல்.
நின்றுகொண்டே இருந்தேன்.

இரண்டு மணிக்கு போன் அடித்தது. ரேவா.
இதற்குமுன் ஒருமுறைகூட அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.
"இன்னும் வரவில்லை" என்றாள்.
வைத்துவிட்டாள்.